கத்துவதும் கத்தாததும்

ஆள்காட்டிப் பறவையைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால், அன்றைக்கு அவர் வீடு திரும்ப நேரமாகும் என்று அர்த்தம். டீக்கடையில் பேசுவார், கூட்டுறவுச் சங்கத்தில் உரத்துக்கு நிற்கும்போது பேசுவார், தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில்கூட ஒரு தடவை பேசியிருக்கிறார். மஞ்சள் குச்சிக் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தோல், கோழியைவிடச் சின்ன உடம்பு, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம். குட்டை, ஏரி, வாய்க்கால் என்று தண்ணீர் தேங்கிய கரையெல்லாம் அது கிடக்கும். எங்கள் குன்னம் பக்கத்தில் அதைப் பார்க்காத ஆளும் கிடையாது, பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போன ஆளும் கிடையாது. அப்படிப்பட்ட பறவையைக் கொல்லைக்குக் காவல் வைத்தவர் எங்கள் ஊரில் கொளஞ்சியப்பன் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் வாக்கப்பட்டேன்.

காவல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் கொல்லை. வடக்கே காப்புக்காடு, தெற்கே பண்ணைக்குட்டை. போர்த்தண்ணீர் இருப்பதால் கோடையிலும் மக்காச்சோளம் போடுவோம். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டிலிருந்து பன்றி இறங்கும். தின்றுவிட்டுப் போனால்கூடப் போகட்டும் என்று விடலாம். ஒரு கதிரைத் தின்பதற்குப் பத்துத் தட்டையைச் சாய்த்துவிட்டுப் போகும். முதல் வருஷம் என் பழைய புடவைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டினார். எங்கள் பக்கம் எல்லாரும் கட்டுவதுதான். புடவை காற்றில் ஆடினால் ஆள் நிற்பதாகப் பன்றி நினைத்துக்கொள்ளும். மறுவீட்டுக்கு எடுத்த அரக்கு நிறப் புடவைகூட அதில் போயிற்று. அந்த வருஷம் பன்றி பயந்தது. அடுத்த வருஷம் அதே புடவைக்கு அடியில் குனிந்து நுழைந்து போய்த் தின்றது. பழகிப்போனால் எதற்கும் பயம் விட்டுப்போகும்.

இந்த வருஷம் புடவைக்கு உள்பக்கமாகக் கம்பி இழுத்தார். மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கரண்டு. அது சட்டப்படி குற்றம் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர்வரை எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒருவர் செத்தார், இங்கே ஒருவர் செத்தார் என்று வருஷா வருஷம் பேப்பரில் வரும். நான் வேண்டாம் என்றேன். வாயால் மட்டும் சொல்லவில்லை, அடுப்புப் பற்றவைக்காமல் சொன்னேன். அவர் குன்னத்தில் பரோட்டா தின்றுவிட்டு வந்து கம்பியை இழுத்து முடித்தார்.

ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் கம்பியை இழுத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார். இவருக்கு யாராவது மாட்டிக்கொள்வார்களோ என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் ஆள்காட்டி.

எங்கள் கொல்லைக்கு ஆள் வர ஒரே வழி, குட்டைக்கரை ஒற்றையடிப் பாதை. பன்றி வருவது வடக்கே காட்டுப் பக்கமிருந்து. குட்டைக்கரையில் ஒரு ஜோடி ஆள்காட்டி குடியிருந்தது. பாதையில் ஒருவர் கால் வைத்தால் போதும், இரண்டும் எழும்பித் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். இவர் கொட்டகைக்குள் சுவிட்சுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். பறவை கத்தினால் அணைப்பார். வந்தவர் குட்டைப் பக்கம் இரண்டு புடவைக்கு நடுவே இருக்கிற சந்தில் கம்பியைக் கையால் தூக்கிவிட்டு உள்ளே வரலாம், இல்லை தன் வழியே போகலாம். பறவை அடங்கிய பிறகு மறுபடி போடுவார். தூக்கம் வந்தால் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். விடிந்ததும் கம்பியைச் சுருட்டிக் கொட்டகைக்குள் போட்டுவிடுவார்.

“மத்தவனுங்கல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் போடறானுங்க. நான் காவல் வச்சுல்ல போடறேன்” என்பார். சம்பளம் இல்லாத காவல்காரன், தூங்காத காவல்காரன் என்று அதற்கு ஏகப்பட்ட பட்டம்.

பங்குனியில் அது குட்டைக்கரைச் சரளையில் முட்டை வைத்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறுந்தரையில் மண் நிறத்தில் கறுப்புத் திட்டோடு நாலு முட்டை, கூர்ப்பக்கம் எல்லாம் நடுவில் சேர்ந்தபடி. இவர் கருவேல முள்ளை வெட்டி வட்டமாகப் போட்டார். டிராக்டர்காரரை அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பக் கூடாது என்று மிரட்டி வைத்தார். வெயில் ஏறினால் தாய்ப்பறவை குட்டையில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, பெரம்பலூர் ஹாஸ்டலில் இருக்கிற எங்கள் மகள் பிறந்தபோதுகூட இந்த மனுஷன் இப்படிப் பூரிக்கவில்லையே என்று நினைத்தேன். தினமும் பக்கத்தில் போய்க் குந்திப் பார்ப்பார். ஆரம்பத்தில் அவரைக் கண்டும் கத்தின. பிறகு அவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாலும் தாய் எழுந்திருக்கவில்லை. என்னைத் தெரிந்துகொண்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

சித்திரை பிறந்து சில நாள் போயிருக்கும். காலையில் அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். கம்பியைச் சுருட்டாமல் வடக்கு மூலையில் குந்தியிருந்தார். என்ன என்று கேட்டதற்குக் கையைக் காட்டினார்.

என் பழைய ஊதாப் புடவை கட்டிய குச்சியில் ஒரு தேவாங்கு இருந்தது. ஒரு கையால் குச்சியைப் பிடித்திருந்தது, ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தது. செத்து விறைத்துப் போயிருந்தது. பூனைக்குட்டி அளவுதான் உடம்பு, வால் கிடையாது, குச்சிக் கை, குச்சிக் கால். விரல்களில் இருந்த நகம் நம் நகத்தைப் போலவே இருந்தது. கண் மூடவில்லை. முகத்தில் பாதி கண்தான்.

ஒல்லியாக, கண் பெரிதாக எவன் இருந்தாலும் நாங்கள் தேவாங்கு என்றுதான் வைவோம். என் கொழுந்தன் தமிழரசனுக்கு வீட்டில் அதுதான் பெயர். இத்தனை பேரை அந்தப் பெயரால் வைதிருக்கிறேனே தவிர, அதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்த முதல் தேவாங்கே செத்த தேவாங்காக இருந்தது.

“முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் சுதா” என்றார். “ஒரு சத்தம் இல்ல. ஒரு சின்ன முனகல்கூட இல்ல.”

மரத்திலிருந்து மரத்துக்கு வந்திருக்கும். மரம் முடிந்த இடத்தில் எங்கள் குச்சி இருந்திருக்கும். ஆள்காட்டி தெற்கே இருக்கிறது, இது வந்ததோ வடக்கே. அதுவும் கத்தவில்லை, இதுவும் கத்தவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது. அவரால் ஆகாமல் நான்தான் பிரித்தேன். வெயிலில் கரிசல் பாறையாக இறுகிக் கிடந்ததால் ஈரம் உள்ள இடம் பார்த்துக் குட்டைக்கரையில் குழி தோண்டினார். ஆள்காட்டி முட்டை இருக்கிற முள் வட்டத்துக்குப் பக்கத்திலேயே அதைப் புதைத்தோம்.

அந்த வாரமே வனக்காப்பாளர் மணிமாறன் வந்தார். சின்ன வயது, காக்கிச் சட்டை, பைக்கைப் பாதையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஆள்காட்டி இரண்டும் அவர் தொப்பியைக் கொத்துகிற மாதிரி இறங்கி இறங்கிக் கத்தின. காட்டோரக் கொல்லைகளில் தேவாங்கு ஏதாவது கண்ணில் பட்டதா என்று விசாரித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் இல்லை என்பதற்குத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஆமாம் என்பதும் கலந்திருந்தது. நல்லவேளை, மணிமாறன் அப்போது முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் போட்டுக் காப்பது யார் என்று கேட்டார். இவர் என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். இப்படி விவசாயிகள் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்று சொல்லி, முட்டையை ஒரு போட்டோ, முட்டைக்குப் பக்கத்தில் இவரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். இவர் நின்ற இடம் எது என்று எனக்குத் தெரியும். காலடியில் மண் இன்னும் காயவில்லை. குச்சியும் புடவையும் எதற்கு என்று அவர் கேட்டபோது பன்றிக்கு என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கம்பி கொட்டகைக்குள் சுருட்டிக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். தேவாங்கு ஒன்று செத்தால் என்ன சார் ஆகும் என்று கேட்டார்.

“புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தாங்க அதுக்கும்” என்றார் மணிமாறன். ரோட்டில் அடிபட்டுச் சாகிறது, மரம் வெட்டினால் சாகிறது, மை மந்திரம் என்று பிடித்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், இந்தக் காட்டில் எத்தனை மிச்சம் என்று ராத்திரி ராத்திரியாக எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றார். அப்படியென்றால் ஆள்காட்டி எத்தனை இருக்கும் என்று இவர் கேட்டார். மணிமாறனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை எவர் எண்ணுவார், அதுதான் எங்கே பார்த்தாலும் கிடக்கிறதே என்றார். கிளம்பும்போது பைக்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

“தேவாங்கு பயந்தா அப்படியே ஒறஞ்சுபோயிடும்ங்க. புடிச்சதயும் வுடாது. அதான் அது சாவறதே தெரிய மாட்டேங்குது. ஆள்காட்டி பயந்தா ஊரயே கூட்டிடும், அது பொழச்சுக்கும்.”

அன்றைக்கு முழுக்க இவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் கொல்லைக்குக் கிளம்பும்போது, “எண்ணி வச்சிருக்கறதக் கொன்னுட்டம். எண்ணாதத முள்ளு போட்டுக் காக்கறம்” என்றார். சரி, இப்போதாவது புத்தி வந்ததே, கம்பியை எடுத்துவிடுங்கள் என்றேன். கதிர் முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அறுத்ததும் எடுத்துவிடலாம் என்றார். வருத்தம் ஒரு பக்கம், மக்காச்சோளம் ஒரு பக்கம். என் வீட்டுக்காரருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிச் சுமக்கத் தெரியும்.

எனக்கு மணிமாறன் சொன்னதில் ஒரு சொல் தலைக்குள் மாட்டிக்கொண்டது. பயந்தால் கத்தும் என்றார். பயந்தால்தானே? பயப்படாத ஆளைப் பார்த்தால் அது ஏன் கத்தப்போகிறது? பன்றிக்கு என் புடவை பழகிப்போனதுபோல அந்தப் பறவைக்கு யார் யார் பழகியிருக்கிறார்கள் என்று யோசித்தேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அரியமுத்து இருக்கிறார். கொத்தனார் வேலை, வேலை முடிந்து வந்ததும் காட்டோரம் மேயவிட்ட ஆடுகளை ஓட்டிவர அந்தப் பாதையில்தான் போவார். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு நான் குட்டைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அரியமுத்து தன் பாட்டுக்கு வந்தார், பீடியைப் பற்றவைத்தார், முள் வட்டத்தை உரசினாற்போல் நடந்து போனார். தாய்ப்பறவை கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. ஆண்பறவை ஒற்றைக் காலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கும் கம்பிக்கும் நடுவே என் புடவை ஒன்று ஆடியது, அவ்வளவுதான். கொட்டகையில் இவர் கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அன்றே சொன்னேன். அவர் நம்பவில்லை. நீ பார்த்த நேரம் அது தூங்கியிருக்கும் என்றார். பறவையைப் பற்றிக் குறை சொன்னால் தன் அம்மாவைச் சொன்னதுபோல அவருக்கு மூக்கு விடைக்கும். இந்த மனுஷனுக்கு வாயால் சொன்னால் ஏறாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்த நாள் அவர் கொட்டகைக்குப் போய் நன்றாக இருட்டு கட்டுவதற்குள் நான் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். டார்ச் அடிக்கவில்லை, இருமவில்லை. குட்டைக்கரையில் முட்டையைத் தாண்டிப் போனேன். தினமும் காபி கொண்டுபோகிறவள்தானே, என்னைப் பார்த்து அது சும்மா இருந்தது. சந்துக்கு நேராகப் போய்க் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி நின்றேன். கம்பியிலிருந்து லேசாக ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

“ஏங்க, நான் இங்க நிக்கறேன்” என்றேன். “கரண்டு போட்டிருக்கீங்களா?”

கட்டில் கிரீச்சிட்டது. விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. ஆள்காட்டி கத்தியதா என்று கேட்டேன். அவர் திரும்ப ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து சந்திலேயே உட்கார்ந்துவிட்டார். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஆனால் திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

இதற்குப் பிறகாவது கம்பியை எடுப்பார் என்று யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அவர் எடுக்கவில்லை, ஒரு ஏற்பாடு செய்தார். பறவை தெரியாத ஆளுக்கு, போன் தெரிந்த ஆளுக்கு. கொல்லைக்கு வருவதாக இருந்தால் நான் வீட்டிலிருந்தே போன் அடிக்க வேண்டும், அவர் அணைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும். அரியமுத்துவிடமும் போய் அப்படியே சொன்னார். நான் கூடவே போயிருந்தேன். அரியமுத்து பீடியை அணைத்துவிட்டுக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“போன் பண்ண மறந்துட்டன்னா என்னண்ணே ஆவறது?” என்றார். “மறக்காத ஆளுன்னு ஒலகத்துல எவன் இருக்கான்?”

கொஞ்ச நாளைக்குத்தானப்பா என்றார் இவர். அடுத்த நாளிலிருந்து அரியமுத்து ஆடுகளை ரோட்டைத் தாண்டி வேறு பக்கம் ஓட்டினார். எனக்கு அவரை நினைத்து நிம்மதியாகவும் இருந்தது, எங்களை நினைத்து அவமானமாகவும் இருந்தது.

தேவாங்கு மட்டும் இவரை விடவில்லை. தூக்கத்தில் விரலை மடக்கி மடக்கிப் பிடிப்பார். சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். எங்கள் பக்கத்து விவசாயி விளைந்ததில் ஒரு பங்கை அந்தக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது வழக்கம்தான். இந்தத் தடவை ஒரு மூட்டை கூடுதலாகக் கொடுப்பதாக வேண்டிக்கொள்ளப் போனார். பெருமாளுக்கு மக்காச்சோளம் கொடுத்தால் கம்பியில் கரண்டு குறையுமா என்று கேட்டேன். சாமி விஷயத்தில் வாயை வைக்காதே என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தமிழரசன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். “பொழுது சாயறப்ப போயி கம்பிய இழுத்துக் கட்டிட்டுக் கொட்டாயில உக்காந்துக்க. கரண்ட நான் வந்து போட்டுக்கறேன்.” பிறகு ஆள்காட்டிப் புராணத்தை ஆரம்பித்தார். அது கத்தினால் ஆள் வருகிறது என்று அர்த்தம், கத்தாவிட்டால் ஒருத்தரும் இல்லை என்று அர்த்தம். தமிழரசன் கேட்டுக்கொண்டான். தன்னைத் தேவாங்கு என்று கூப்பிடச் சொல்லி அண்ணனை வம்புக்கு இழுத்தான். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை அவர் இப்போதெல்லாம் சொல்வதில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் வீடு ஊரின் கடைசி வீடு. காற்று அடங்கினால் குட்டைக்கரைச் சத்தம் அடுப்படிக்கு வரும். டிட்டி டுட், டிட்டி டுட் என்று இரண்டும் ஆகாயத்தைக் கிழித்துக்கொண்டு கத்தின. தமிழரசன் கொல்லைக்குப் போகிறான் என்று தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

இவர் கடைசி வெளிச்சத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். பையில் துளசியும் தேங்காய் மூடியும் இருந்தன. சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். முகம் தெளிந்திருந்தது. நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது சுதா என்று சொன்னார். பல நாளுக்குப் பிறகு அவரை அப்படிப் பார்க்க எனக்கும் நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். தமிழுக்குப் பசிக்கும், அவனை அனுப்பிவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

தமிழரசனுக்கு ஒரு போன் பண்ணிவிட்டுப் போங்கள் என்றேன்.

“என் கொல்லைக்கு நான் போறதுக்கு யாருக்குடி போன் பண்ணணும்?” என்று சிரித்தார். நான் வாயெடுப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டேன். காது மட்டும் ஜன்னலிலேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வராதுதான், அவரைப் பார்த்து அது கத்தி எத்தனையோ நாளாகிறது. கரண்டியை எடுத்துக் கிளறினேன். அவர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்வரை அவருக்குக் கத்தாவிட்டால் என்ன? இன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் அவர் இல்லை. இந்த நினைப்பு வந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

அவர் நம்பருக்கு அடித்தேன். கூடத்தில் துளசிப் பைக்குள் மணி அடித்தது. தமிழரசனுக்கு அடித்தேன். எடுப்பதற்குள் என் உயிர் போய்விட்டது.

“சொல்லுங்கண்ணி” என்றான் மெதுவாக, பன்றிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “அண்ணன் வரத்துக்குள்ள பன்னி எறங்கிடுச்சு, அதான் நானே போட்டுட்டேன். பயப்படாதீங்க, ஆள்காட்டி கத்தவே இல்ல.”

அணைடா, அண்ணன் வந்துகொண்டிருக்கிறார், அணைடா என்று கத்தினேன். நான் கத்தியது தெருமுனைவரை கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். சுவிட்சு விழுகிற சத்தம் போனில் கேட்டது. கட்டில் இடறுகிற சத்தம் கேட்டது. போனைக் கையில் பிடித்தபடியே அவன் சந்துப் பக்கம் ஓடுவது, மக்காச்சோளத் தோகை அவன்மேல் உரசுவது எல்லாம் கேட்டது.

அப்போதுதான் ஆள்காட்டி கத்த ஆரம்பித்தது. போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. இரண்டும் குட்டைக்கரையை விட்டு எழும்பி, ஓடிவருகிற தமிழரசனைப் பார்த்து ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தின. அதற்கு நடுவே அவன் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, கையை வுடுண்ணே, கம்பிய வுடுண்ணே என்று கெஞ்ச ஆரம்பித்தான்.

நான் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு அவர் குரலுக்காகக் காத்திருந்தேன்.